குள்ளர்களைச் சுரங்கத்திலிருந்து வெளியே கொண்டு வாருங்கள்

மேசையைச் சுற்றி அமர்ந்து பகடை உருட்டி ஆடும் கதைவேட விளையாட்டுகளில், குள்ளர் என்னும் கற்பனை இனம் வந்தாலே சுரங்கம், தாடி, மது என்று அலுத்துப் போனவர்களுக்கு தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு குறிப்பு: அந்த இனத்தை முதலில் இடம்பெயரச் செய்யுங்கள். 1860 முதல் டர்பனைச் சுற்றியுள்ள நேட்டால் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரின் வழித்தோன்றல்கள் பலர் இன்று வீட்டில் ஆங்கிலமே பேசினாலும், மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் காவடி எடுப்பதையும் விடவில்லை. மொழி போன பின்னும் சடங்கு நிற்கும்.

எங்கள் ஆட்டத்தில் குள்ளர்கள் மூன்று தலைமுறைக்கு முன்பே கடற்கரைக்கு வந்து மீன் பிடிக்கிறார்கள். ஆனாலும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கோலால் உத்தரத்தைத் தட்டி, ஓசையைக் கேட்ட பிறகே உட்காருகிறார்கள். சுரங்கத்தின் கூரைப்பாறை உறுதியாக இருந்தால் கணீரென்றும், பிளந்திருந்தால் பொத்தென்றும் ஒலிக்கும் என்பது சுரங்கத் தொழிலாளர்கள் உண்மையிலேயே செய்துவந்த சோதனை. அந்தக் காரணம் கிழவிகளுக்கு மட்டுமே நினைவிருக்கிறது, பிள்ளைகளுக்கு அது வெறும் மரியாதை. தட்டாமல் உட்கார்ந்த விருந்தாளியை அவர்கள் எப்படி நடத்துவார்கள் என்ற கேள்வியிலேயே எங்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஓடியது. தெய்வங்களின் பட்டியலையும் அரசர் வரிசையையும் பிறகு எழுதிக்கொள்ளலாம். பழைய தொழில் விட்டுச்சென்ற கைப்பழக்கம் ஒன்றை முதலில் தேர்ந்தெடுங்கள்.