நிசினை அளக்கப் போய் அமிலத்தை அளந்த கதை: அகார் குழி முறை

லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியா சுரக்கும் நிசின், பிற பாக்டீரியாக்களைக் கொல்லும் பெப்டைடு, அதாவது 34 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம். பாலாடைக்கட்டி டப்பாவில் ஈ234 என்று அச்சிட்டிருக்குமே, அதுதான். அதன் வீரியத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம்; பெட்ரி தட்டும் அளவுகோலும் போதும். கிருமிநீக்கம், தட்டு ஊற்றுதல் எல்லாம் உங்களுக்குப் பழக்கம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் லாக்டோகாக்கஸை 30 டிகிரியில் ஓரிரவு வளர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி மேலே தெளிந்த நீரை எடுங்கள்.

நான் வழுக்கி விழுந்தது இதற்கடுத்த படியில். சோதனைக் கிருமி கலந்த அகாரில் வெட்டிய குழியில் தெளிநீரை அப்படியே விட்டேன். மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய தெளிவட்டம். இரண்டு வாரம் மகிழ்ச்சியாக அளந்து குறித்துக்கொண்டிருந்தேன். பிறகு வெறும் ஊடகத்தில் லாக்டிக் அமிலம் கலந்து பக்கத்துக் குழியில் விட்டுப் பார்த்தால், அங்கேயும் வட்டம்! பாக்டீரியா நிசினோடு அமிலத்தையும் கொட்டுகிறது. என் வட்டத்தில் எது எவ்வளவு என்று பிரிக்கவே முடியவில்லை. நோட்டில் ஆறு பக்கத்தை அடித்தேன்.

எனவே தெளிநீரின் பிஎச் அளவை 6.5க்குக் கொண்டுவாருங்கள். சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். காரப்பக்கம் போனால் நிசின் வீரியம் இழக்கும். வரிசையும் முக்கியம்: செல்களை நீக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும். நடுநிலையை நெருங்கும்போது நிசின் தன்னைச் சுரந்த செல்களிலேயே ஒட்டிக்கொள்ளும். பிறகு சுழற்றினால் சரக்கு அடியில் போய்விடும். கிருமியைக் கொல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்திருக்குமோ என்று சந்தேகமிருந்தால், அதைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியைச் சேருங்கள்.

சோதனைக் கிருமிக்கு என் ஓட்டு மைக்ரோகாக்கஸ் லூட்டியஸுக்கே. மஞ்சள் படலமாக வளர்வதால் வட்டத்தின் விளிம்பு கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அதை 0.75 சதவீத மென் அகாரில் கலந்து ஊற்றுங்கள். குடுவை புறங்கையில் பட்டால் பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும்; சுட்டால் கிருமி செத்துவிடும்.

உறைந்ததும் 6 மில்லிமீட்டர் குழிகள் வெட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் உருகிய அகார் ஒரு சொட்டு விட்டு அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் திரவம் தட்டின் அடியில் கசிந்து, வட்டத்திற்குப் பதில் வால் முளைக்கும். தெளிநீரை இரண்டிரண்டு மடங்காக நீர்த்து, குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விடுங்கள். சில மணிநேரம் குளிர்பதனப் பெட்டியில் ஊறவிட்டு, பிறகு 30 டிகிரியில் ஒரு நாள்.

கணக்கு எளிது. கடைசியாக வட்டம் தெரிந்தது 32 மடங்கு நீர்த்த குழி என்றால், 32 × 1000 ÷ 50 = மில்லிலிட்டருக்கு 640 செயல் அலகு. கிருமியை மாற்றினால் இந்த எண்ணும் மாறும். அதனால் அளவு தெரிந்த நிசினையும் அதே தட்டில் வைப்பேன்: 2.5 சதவீதப் பொடியை 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து. தூய நிசின் ஒரு மைக்ரோகிராம் என்பது 40 சர்வதேச அலகு.

வட்டம் பெப்டைடுடையதுதானா என்று பார்க்கக் குழியருகே புரதத்தை வெட்டும் நொதியான கைமோட்ரிப்சின் ஒரு சொட்டு வையுங்கள். அந்தப் பக்கம் கடித்த அப்பளம் போல வட்டம் குறைந்தால் சரி.

பின்சேர்க்கை: தெளிநீரைக் குழியில் விடுமுன் வடிகட்டியதும் வட்டமே காணோம் என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவரும் பயன்படுத்தியது நைட்ரோசெல்லுலோஸ் வடிதாள். அது பெப்டைடை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். புரதம் அதிகம் ஒட்டாத பிவிடிஎஃப் வடிதாளுக்கு மாறுங்கள், முதலில் வடியும் சில சொட்டுகளைக் கொட்டிவிடுங்கள்.