எமெட் டில் பலகைகள்: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டல்லஹாச்சி ஆற்றின் பெயரிலேயே ஒரு கிராமப்புறக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) இருக்கிறது. 1955 ஆகஸ்டில் சிகாகோவிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் எமெட் டில்லைக் கடத்திக் கொன்று இந்த ஆற்றில்தான் வீசினார்கள். அதைச் சொல்லும் வரலாற்றுப் பலகைகளைப் பற்றி எழுதுபவர்கள் சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

எல்லாம் ஒரே ஊரில் நடந்ததாக எழுதுவது ஒன்று. கடையிலிருந்த வெள்ளையினப் பெண்ணிடம் டில் அத்துமீறியதாகச் சொல்லிப் பிரச்சினை தொடங்கிய மளிகைக் கடை லெஃப்ளோர் கவுண்டியில் இருந்தது. அடித்துச் சித்திரவதை செய்த கொட்டகை சன்ஃப்ளவர் கவுண்டியில். உடல் டல்லஹாச்சி கவுண்டியில் கிடைத்ததாகக் கொண்டதால்தான் வழக்கு அங்குள்ள சம்னர் நீதிமன்றத்துக்குப் போனது.

இதைவிடப் பெரிய தவறு, கொலைகாரர்கள் சொன்ன கதையை வரலாறாக நம்புவது. கொலை வழக்கில் நிறுத்தப்பட்ட ராய் பிரையன்ட், ஜே. டபிள்யூ. மைலம் இருவரையும் வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி ஒரு மணி நேரச் சொச்சத்தில் விடுதலை செய்தது. அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது என்ற தைரியத்தில், காசு வாங்கிக்கொண்டு, கொன்றது தாங்கள்தான் என்று 1956 ஜனவரி ‘லுக்’ பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கதையில் சன்ஃப்ளவர் கொட்டகை இல்லை, கூட இருந்தவர்களும் இல்லை. சொல்லியிருந்தால் மற்றவர்கள் சிக்கியிருப்பார்களே! பல பத்தாண்டுகள் இந்தக் கதையே உண்மையாக உலவியது. ஆனால் வில்லி ரீட் என்ற 18 வயது இளைஞர், அதற்கு முன்பே உயிரைப் பணயம் வைத்து நீதிமன்றத்தில் சாட்சி சொல்லியிருந்தார். கொட்டகைக்குள் அடிச்சத்தமும் அலறலும் கேட்டன, மைலம் இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே வந்து கிணற்றில் தண்ணீர் குடித்தார் என்றார். எந்தப் பலகையானாலும் அது யாருடைய வாயிலிருந்து வந்த கதை என்று முதலில் பாருங்கள்.

அப்புறம், வைத்த ஆண்டைக் கவனியுங்கள். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைவீரர்களுக்குச் சம்னர் நீதிமன்றத்தின் முன் 1913-லேயே சிலை வந்துவிட்டது. டில் குடும்பத்திடம் கவுண்டி பகிரங்கமாக வருத்தம் தெரிவித்ததோ 2007-ல். ஆற்றங்கரையில் பலகை வைத்தது 2008-ல்.

அந்தப் பலகையைப் பிடுங்கிப்போட்டார்கள். அடுத்ததைச் சுட்டுச் சல்லடையாக்கினார்கள், 317 துளைகள். மூன்றாவதும் தப்பவில்லை. 2019-ல் குண்டு துளைக்காத பலகை வைக்க வேண்டியதாயிற்று. இதை யாரோ பையன்களின் விஷமம் என்று ஒரு வரியில் கடந்துபோகாதீர்கள். 317 துளை விழுந்த பலகையை 2021-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வரலாற்று அருங்காட்சியகம் அப்படியே காட்சிக்கு வைத்தது.