பக்கத்தைப் பிரிந்த கோப்பு: திறந்த கல்வி வளங்களுக்கு உரிமமும் மீதரவும் சேர்க்கும் முறை

பாடக் குறிப்பு ஒன்றைத் தேடிப் பதிவிறக்குகிறோம். கோப்பின் பெயர் ‘இறுதி_புதியது_2’ என்றிருக்கிறது. திறந்து பார்த்தால் இலையின் குறுக்குவெட்டுப் படமும் செய்முறை விளக்கமும் மிக நன்றாகவே இருக்கின்றன. ஆனால் எழுதியவர் யார், எந்த ஆண்டு எழுதியது, நகலெடுத்து வகுப்பில் தரலாமா, திருத்தலாமா என்ற எந்தக் கேள்விக்கும் அதில் விடையில்லை. முதலில் பதிவேற்றிய பக்கத்தில் இவையெல்லாம் விரிவாக எழுதப்பட்டிருக்கலாம். கோப்போ அந்தப் பக்கத்தை விட்டு என்றோ பிரிந்து, மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் கைமாறி நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. உரிமமும் மீதரவும் (கோப்பைப் பற்றிய விவரங்கள்) எழுதும்போது மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியவர், பக்கத்தைப் பார்க்காமல் கோப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் இந்த வாசகர்தான்.

‘யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். பெரும்பாலான நாடுகளில் ஒரு படைப்பு உருவான உடனேயே, எங்கும் பதிவு செய்யாமலே, அதற்குப் பதிப்புரிமை வந்துவிடுகிறது. ஆகவே எதுவும் சொல்லாமல் விட்டால் எல்லா உரிமைகளும் படைத்தவரிடமே இருக்கின்றன என்றுதான் பொருள். ‘இலவசம்’ என்ற சொல் விலையைப் பற்றி மட்டுமே பேசுகிறது. திருத்துவதற்கும், வேறொன்றோடு சேர்ப்பதற்கும், மீண்டும் வெளியிடுவதற்கும் அனுமதி உண்டா என்று அது சொல்வதில்லை. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற தொடர் 2002ஆம் ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் பிறந்தது. 2019 நவம்பரில் அதே அமைப்பு ஏற்ற பரிந்துரை, பொதுக் களத்தில் (பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத நிலையில்) உள்ளவற்றையும் திறந்த உரிமத்தோடு வெளியிடப்பட்டவற்றையும் மட்டுமே இந்தப் பெயரால் குறிக்கிறது. (இடையில் ஒரு சொல்: தமிழில் பலர் பதிப்புரிமையைக் ‘காப்புரிமை’ என்று எழுதிவிடுகிறார்கள். அதே சொல் கண்டுபிடிப்புகளுக்கான உரிமையையும் குறிப்பதால், உரிமக் குறிப்பில் ‘பதிப்புரிமை’ என்றே எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.)

உரிமத்தை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்

வேலையெல்லாம் முடிந்த பிறகு கடைசிப் பக்கத்தில் ஒட்டும் முத்திரையாக உரிமத்தைக் கருதுவதே பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம். நீங்கள் எடுத்தாளும் படங்களும் பகுதிகளும் உங்கள் தெரிவைக் கட்டுப்படுத்தும் என்பதால், முதல் பத்தியை எழுதுவதற்கு முன்பே இதைத் தீர்மானித்துவிட வேண்டும்.

கல்வி வளங்களில் மிகுதியாகப் புழங்குபவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள். முதல் தொகுதி 2002 டிசம்பரில் வந்தது. இப்போது பயன்படுத்த வேண்டியது 2013 நவம்பரில் வெளியான 4.0 பதிப்பு. நாட்டுக்கு நாடு தனி வடிவம் தேவைப்படாதபடி எழுதப்பட்டது அது. மொத்தம் ஆறு உரிமங்கள். ஆறுக்கும் பொதுவான நிபந்தனை படைத்தவரைக் குறிப்பிடுவது. அதை மட்டும் கேட்பது சிசி பை (CC BY; ‘சிசி’ என்பது கிரியேட்டிவ் காமன்ஸின் சுருக்கம்). அதனுடன் ‘எஸ்ஏ’ (SA) சேர்ந்தால், மாற்றி வெளியிடுபவரும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். ‘என்சி’ (NC) வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது. ‘என்டி’ (ND) மாற்றிய வடிவத்தைப் பகிர்வதைத் தடுக்கிறது. எந்த நிபந்தனையும் வேண்டாம் என்பவர்களுக்கு சிசி0 தனியாக இருக்கிறது.

என் கருத்தில், பாடநூலுக்கும் செய்முறைக் குறிப்புக்கும் சிசி பை அல்லது சிசி பை-எஸ்ஏ என்ற இரண்டில் ஒன்றே பொருந்தும். என்டி உள்ள படைப்பை ஓர் ஆசிரியர் மொழிபெயர்த்துப் பகிர முடியாது, தம் மாணவர்களுக்கு ஏற்பச் சுருக்கிப் பகிரவும் முடியாது. அப்படியிருக்க அதைத் திறந்த வளம் என்று அழைப்பதில் பொருளில்லை. என்சி பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் திறந்த பாடத் தளமே என்சி-எஸ்ஏ உரிமத்தைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் ‘யாரோ என் உழைப்பை விற்றுவிடுவார்களோ’ என்ற அச்சத்தில் மட்டும் என்சி சேர்ப்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எது வணிகப் பயன்பாடு என்பது பயன்படுத்துபவர் யார் என்பதைப் பொறுத்ததன்று, பயன்பாட்டின் நோக்கத்தைப் பொறுத்தது; எனவே கட்டணம் வாங்கும் பயிற்சி வகுப்பு, அச்சுச் செலவுக்குப் பணம் கேட்கும் குழு போன்ற இடங்களில் நல்லெண்ணம் உள்ளவர்களே தயங்கி விலகிவிடுவார்கள். இரண்டாவது, விக்கிப்பீடியாவுக்கான படங்களும் பிற கோப்புகளும் சேமிக்கப்படும் விக்கிமீடியா பொதுவகம் என்சி உரிமம் பெற்ற கோப்புகளை ஏற்பதில்லை. விற்பனை குறித்த கவலைக்கு எஸ்ஏ பெருமளவு விடையளிக்கிறது: விற்பவர் மாற்றிய வடிவத்தையும் அதே திறந்த உரிமத்தில்தான் தர வேண்டும்.

கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. நீங்கள் கோப்பை நீக்கினாலும், முன்பே பெற்றவருடைய உரிமை தொடரும். ஆகவே படைப்பு உண்மையில் உங்களுடையதா, பணியிட ஒப்பந்தப்படி நிறுவனத்துடையதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மாணவர்களின் முகம் தெரியும் ஒளிப்படம் இருந்தால் உரிமம் மட்டும் போதாது. இந்த உரிமங்கள் பதிப்புரிமையைப் பற்றியவை, ஒருவருடைய அந்தரங்க உரிமையை அவை தொடுவதில்லை. பாடத்துடன் நிரல் இருந்தால், நிரலுக்கு எம்ஐடி, ஜிபிஎல் போன்ற மென்பொருள் உரிமங்களைத் தனியாகக் கொடுங்கள். மென்பொருளுக்குத் தன் உரிமங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸே சொல்கிறது.

பிறருடைய படமும் உங்களுடைய பாடமும்

மேலே சொன்ன இலைப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். உரை உங்களுடையது. ஒரு படம் சிசி பை, இன்னொன்று பை-எஸ்ஏ, மூன்றாவது பை-என்சி-எஸ்ஏ. முதலிரண்டையும் கலந்து புதிய படம் வரையலாம். அதை பை-எஸ்ஏ உரிமத்தில் வெளியிட வேண்டும். இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே படமாகக் கலக்கவே முடியாது, ஏனெனில் ஒவ்வொன்றும் தன் உரிமத்தையே கேட்கிறது, இரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் உரிமம் இல்லை. ஆனால் அவற்றை மாற்றாமல் அடுத்தடுத்த பக்கங்களில் தனித்தனியாக வைப்பதற்குத் தடையில்லை. அவற்றின் உரிமங்கள் அவற்றோடு இருக்கும். அப்போது முகப்பில் ‘வேறுவிதமாகக் குறிப்பிட்டுள்ளவை தவிர, இந்நூல் சிசி பை 4.0 உரிமத்தில் வெளியிடப்படுகிறது’ என்று எழுதுவது கட்டாயம். மூன்றாவது படத்தைத் தொடர்ந்து வைத்திருப்பதா, சிசி பை உரிமத்தில் வேறொன்றைத் தேடுவதா என்று கேட்டால், தேடுவதையே பரிந்துரைப்பேன். அந்த அரை மணி நேரம், பின்னால் வரும் ஒவ்வொருவருடைய அரை மணி நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

படத்தின் கீழ் எழுதும் குறிப்பில் தலைப்பு, படைத்தவர், மூல முகவரி, உரிமம் என்ற நான்கும், மாற்றியிருந்தால் என்ன மாற்றினீர்கள் என்பதும் இருக்க வேண்டும். ‘நன்றி: கூகுள்’ என்று எழுதுவது இவற்றில் ஒன்றையும் நிறைவு செய்வதில்லை. சரியான வடிவம் ஏறத்தாழ இப்படி இருக்கும்:

‘இலையின் குறுக்குவெட்டு’, வரைந்தவர்: (பெயர்), மூலம்: (பக்கத்தின் முழு முகவரி), உரிமம்: சிசி பை 4.0. பகுதிகளின் பெயர்கள் தமிழாக்கப்பட்டுள்ளன. பின்னணி நிறம் நீக்கப்பட்டுள்ளது.

இந்தக் குறிப்பைப் படத்தை எடுத்தாண்ட அன்றே எழுதி வையுங்கள். நாற்பது படங்களுக்குப் பிறகு மூலத்தைத் தேடிப் புறப்பட்ட அனுபவம் எனக்கு உண்டு. ஏழு படங்களின் மூலம் கிடைக்கவே இல்லை, ஏழையும் நீக்கிப் புதிதாக வரைய வேண்டியதாயிற்று.

மீதரவில் என்ன எழுதுவது

மீதரவு என்பது வளத்தைப் பற்றிய தரவு: தலைப்பு, படைத்தவர், நாள், மொழி, பொருள், உரிமம் முதலியன. இதற்கான எளிய தரம் டப்ளின் கோர். பதினைந்து உறுப்புகள் கொண்டது. 1995இல் அமெரிக்காவின் ஒகையோ மாநில டப்ளினில் நடந்த பயிலரங்கில் உருவானதால் இந்தப் பெயர். அயர்லாந்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. கல்விக்கே உரிய விவரங்களுக்கு எல்ஆர்எம்ஐ என்ற சொற்றொகுதி இருக்கிறது. 2013இல் அது, தேடுபொறிகள் படிக்கும் சொற்களைத் தொகுக்கும் ஸ்கீமா.ஆர்க் தளத்தில் சேர்க்கப்பட்டது. தரத்தின் பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை; பெரும்பாலான களஞ்சியங்களின் (வளங்களைச் சேமித்துப் பகிரும் தளங்களின்) பதிவேற்றப் படிவம் இவற்றையே கேட்கிறது. எந்தப் பெட்டியில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

தலைப்பில் ‘பாடம் 4’ என்று எழுதினால் அது எந்தத் தேடலிலும் அகப்படாது. ‘ஒளிச்சேர்க்கைக்கு ஒளி தேவை: மாவுச்சத்துச் சோதனை, செய்முறைத் தாள்’ என்றால், படிப்பவருக்கும் தேடுபொறிக்கும் ஒரே பார்வையில் புரிகிறது. விளக்கப் பெட்டியில் தலைப்பையே திரும்ப எழுதாமல், யாருக்கானது, முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், என்ன பொருள்கள் தேவை என்று நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள். ‘எளிது’, ‘கடினம்’ என்பவை ஒருவருக்கொருவர் மாறும்; ‘12 முதல் 14 வயது, 45 நிமிடம்’ என்பது மாறாது.

குறிச்சொற்களில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் ஒளிச்சேர்க்கை என்பதை இலங்கைப் பாடநூல் ஒளித்தொகுப்பு என்கிறது. இயற்பியல் அங்கே பௌதிகவியல், வேதியியல் அங்கே இரசாயனவியல். ஒரு சொல்லை மட்டும் இட்டால், மறு சொல்லால் தேடுபவருக்கு உங்கள் பாடம் இல்லாத பொருளாகிவிடும். ஆகவே உரையில் ஒரு வழக்கைப் பின்பற்றினாலும் குறிச்சொல்லில் இரண்டையும் சேருங்கள். ஆங்கிலச் சொல்லையும் சேர்ப்பதில் தவறில்லை. அதேபோலப் பெயரும். ஒருவரே முன்னெழுத்தோடும் முன்னெழுத்து இல்லாமலும், ஆங்கிலத்தில் மூன்று விதமாகவும் எழுதப்படுகிறார்; ஒரே வடிவத்தைத் தேர்ந்து எங்கும் அதையே பயன்படுத்துங்கள். ஆர்சிட் என்ற பதினாறு இலக்க ஆய்வாளர் எண் இருந்தால் பெயரோடு சேர்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

எழுத்துருவும் கவனத்துக்குரியது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிய பிறகே மீதரவை நிரப்புங்கள். தேதியை 2024-03-05 என்ற வரிசையில், ஆண்டை முன்வைத்து எழுதுங்கள். 05/03 என்பது மார்ச்சா மே மாதமா என்று ஊகிக்க வேண்டியிருக்காது. மொழிப் பெட்டியில் தமிழைத் தெரிவு செய்யாமல், இயல்பாக இருக்கும் ஆங்கிலத்தை அப்படியே விட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. வேறொன்றைத் தழுவி எழுதியிருந்தால் ‘மூலம்’ என்ற பெட்டியில் அதன் முகவரியைக் கொடுங்கள். காணொளிக்கு வசன எழுத்து இருக்கிறதா, படங்களுக்கு மாற்று உரை (படத்தைச் சொற்களில் விவரிக்கும் குறிப்பு) இருக்கிறதா என்பதையும் குறித்தால், பார்வைக் குறைபாடோ செவிக் குறைபாடோ உள்ளவர்கள் பதிவிறக்கும் முன்பே தெரிந்துகொள்வார்கள்.

கோப்புக்குள் வைப்பது

லிப்ரே ஆபீஸ் என்ற ஆவண மென்பொருளில் கோப்புப் பட்டியின் ‘பண்புகள்’ சாளரத்தைத் திறந்து தலைப்பு, பொருள், குறிச்சொல் ஆகியவற்றை நிரப்பிவிட்டு பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்தால், அவை பிடிஎஃபுக்குள்ளும் செல்லும். படங்களுக்கு எக்சிஃப்டூல் போன்ற கருவியால் எக்ஸ்எம்பி (கோப்புக்குள்ளேயே விவரங்களைப் பதியும் முறை) வடிவில் உரிமத்தை எழுதலாம். ஆனால் செய்திச் செயலிகள் பல, படத்தை அனுப்பும்போது இந்த மறைவிவரங்களை உரித்துவிடுகின்றன. ஆகவே கண்ணுக்குத் தெரியும் இடத்திலும் எழுதியாக வேண்டும்: ஆவணத்தில் இரண்டாம் பக்கத்திலும், ஒவ்வொரு தாளின் அடிவரியிலும் சுருக்கமாக, படத்தில் ஓரத்தில் சிறிய எழுத்தில், காணொளியில் இறுதிச் சில நொடிகளில், ஒலிப்பதிவில் வாயாலேயே. செய்முறைத் தாள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் நகலெடுக்கப்படும் என்பதால் அடிவரியை விட்டுவிடாதீர்கள்.

உரிமத்தின் பெயர், பதிப்பு எண், உரிமப் பக்கத்தின் முகவரி மூன்றும் சேர்ந்தே இருக்கட்டும். ‘சிசி’ என்று மட்டும் போட்டால் ஆறில் எது என்று தெரியாது. வலைப்பக்கத்தில் வைப்பதானால், கிரியேட்டிவ் காமன்ஸ் தளத்தின் உரிமத் தெரிவுக் கருவி தரும் எச்டிஎம்எல் துண்டை அப்படியே ஒட்டுங்கள். அதிலுள்ள உரிம இணைப்பைத் தேடுபொறிகளும் படித்துக்கொள்ளும்.

அச்சிடக்கூடிய பிடிஎஃபோடு திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் வெளியிடுங்கள். திருத்த உரிமை கொடுத்துவிட்டுத் திருத்த முடியாத வடிவில் மட்டும் தருவது, சாவியில்லாத பூட்டைக் கொடுப்பது போன்றது. செனோடோ போன்ற களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான டிஓஐ எண் (இணைய முகவரி மாறினாலும் வளத்தைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளம்) கிடைக்கும். அந்த எண்ணை அடிவரியிலேயே சேர்த்துவிட்டால், பக்கத்தைப் பிரிந்த கோப்பும் வீடு திரும்பும் வழியை அறிந்திருக்கும்.

வெளியிடும் முன் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி, கைபேசியில் திறந்து, நடுவில் ஒரு பக்கத்தை மட்டும் பாருங்கள். அந்தப் பக்கத்திலிருந்து படைத்தவர், உரிமம், மூல முகவரி ஆகிய மூன்றையும் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அடிவரியைத் திருத்துங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட பழைய கோப்புகளுக்கும் இதைச் செய்யலாம். உள்ளடக்கத்தைத் தொடாமல் மீதரவை மட்டும் சேர்த்து, ‘பதிப்பு 1.1’ என்று எண்ணிட்டு, பழைய முகவரியிலேயே புதியதை வையுங்கள்.