ரிப்போர்ட்டில் வைட்டமின் குறைவு: குடலில் எங்கே தேடுவது?

மாதக்கணக்கில் வயிற்று உப்புசம், அடிக்கடி பேதி, ஓயாத நெஞ்செரிச்சல். கூடவே அசதி, கால் மரமரப்பு. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் பி12 குறைவு, டி குறைவு என்று தடித்த எழுத்தில் வருகிறது. அடுத்து மருந்துக்கடையில் ஒரு மல்டிவைட்டமின் பட்டை. அளவு ஏறும், நிறுத்தியதும் இறங்கும். ஏன் குறைந்தது என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடக்கும்.

இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில் உறிஞ்சப்படுகிறது, பி12 அதன் கடைசி முனையில். ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்போடு சேர்ந்துதான் உள்ளே போகும். அதனால் எது குறைந்திருக்கிறது, எதோடு சேர்ந்து குறைந்திருக்கிறது என்று பார்த்தாலே பழுது எந்தப் பக்கம் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

முதலில் ரத்தம், பிறகு மாத்திரை

இரண்டு பி12 ஊசி போட்டுக்கொண்டு பிறகு அளவு பார்த்தால், ரிப்போர்ட் ஊசியைத்தான் காட்டும், உடம்பை அல்ல. எனவே எதையும் தொடங்குமுன் ரத்தம் கொடுங்கள். முடி, நகத்துக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் 2, 3 நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல லேப் இயந்திரங்கள் பயோட்டினை வைத்தே அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் பி12, டி அளவுகள் இல்லாத உயரத்தைக் காட்டலாம், தைராய்டு ரிப்போர்ட்டும் குழம்பும்.

நாற்பது சோதனை அடங்கிய பேக்கேஜ் தேவையில்லை. சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), பி12, ஃபோலேட் (ஃபோலிக் அமில வகை வைட்டமின்), ஃபெரிட்டினோடு (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது), 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, கால்சியம், ஆல்புமின் (ரத்தப் புரதம்), சிஆர்பி (அழற்சியைக் காட்டுவது) போதும். நாள்பட்ட பேதியோ காரணம் தெரியாத ரத்தசோகையோ இருந்தால், சீலியாக் என்ற குடல் நோயைத் தேடும் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் சோதனையும் மொத்த ஐஜிஏவும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைட்டமின் டிக்கு 1,25 என்று எழுதிய சோதனையைச் செய்யாதீர்கள். அது சிறுநீரகம் மாற்றித்தரும் வடிவம். உடம்பில் டி வற்றியிருக்கும்போதும் அது சரியாகவே காட்டும்.

எண்களைப் படிப்பது

பி12 ஒரு மில்லிலிட்டரில் 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவுதான். 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. அங்கே, பி12 குறைந்தால் ரத்தத்தில் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலமோ ஹோமோசிஸ்டீனோ பார்த்தால் தெளிவாகும். இதில் ஒரு சிக்கல்: எடுத்த ரத்தத்தை ஐஸில் வைக்காமல், சீக்கிரம் பிரிக்காமல் விட்டால் ஹோமோசிஸ்டீன் தானாக ஏறிவிடும். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றும் சேவைகளுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. நேரே லேபுக்குப் போய்க் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் இவ்விரண்டும் ஏறும்.

வைட்டமின் டி ஒரு மில்லிலிட்டரில் 20 நானோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 20க்கும் 30க்கும் இடையே வல்லுநர்களிடமே ஒற்றுமை இல்லை, அதற்காகப் பதற வேண்டாம். இங்கிலாந்து, கனடா ரிப்போர்ட்டுகளில் டி நானோமோலில் வரும், 2.5 ஆல் வகுத்தால் நம்மூர் கணக்கு. பிகோமோலில் வரும் பி12ஐ 1.36 ஆல் பெருக்க வேண்டும்.

அதிகம் ஏமாற்றுவது ஃபெரிட்டின். உடம்பில் அழற்சி இருந்தால் இரும்பு தீர்ந்துபோயிருந்தாலும் அது உயர்ந்தே நிற்கும். சிஆர்பி இயல்பாக இருந்தால் ஒரு மில்லிலிட்டரில் 30 நானோகிராமுக்குக் கீழே இரும்புக் குறைவு என்று கொள்ளலாம். சிஆர்பி ஏறியிருந்தால் ஃபெரிட்டின் 100 வரை இருந்தாலும், சாச்சுரேஷன் 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் குறைவுதான். சிபிசியில் எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) நார்மல் என்பதை வைத்தும் நிம்மதியடைய முடியாது. இரும்புக் குறைவு சிவப்பணுவைச் சிறிதாக்கும், பி12 குறைவு பெரிதாக்கும். இரண்டும் சேர்ந்தால் சராசரி நடுவில் வந்து நிற்கும். அப்போது சிவப்பணுக்களின் அளவு வேறுபாட்டைச் சொல்லும் ஆர்டிடபிள்யூ உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எதெது சேர்ந்து குறைந்தால் எங்கே தேடுவது

பி12உம் இரும்பும் குறைந்து ஃபோலேட் மட்டும் நன்றாக இருந்தால் இரைப்பையைச் சந்தேகியுங்கள். உணவில் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12ஐப் பிரிப்பது இரைப்பை அமிலம். இரும்பைக் கரையும் வடிவுக்குக் கொண்டுவருவதும் அதுவே. அமிலம் குறைவதற்கு நம்மிடையே சாதாரணக் காரணம், காலையில் வெறும்வயிற்றில் போடும் கேஸ் மாத்திரை. ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் வகையை இரண்டு வருடத்துக்கு மேல் சாப்பிடுபவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் பி12 இறங்கும் வாய்ப்பு கூடும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்கள் வருடம் ஒருமுறையாவது அளவு பார்த்துவிடுங்கள்.

கேஸ் மாத்திரை இனி வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னாலும் சட்டென்று நிறுத்தாதீர்கள். அடக்கிவைத்த அமிலம் சில வாரம் வழக்கத்தைவிட அதிகமாகச் சுரக்கலாம். நெஞ்செரிச்சல் முன்னைவிட மோசமாகி, மாத்திரை இல்லாமல் முடியாது போல என்று திரும்பப் போய்விடுவீர்கள். டோஸைப் பாதியாக்கி இரண்டு வாரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு வாரம், பிறகு தேவைப்படும்போது மட்டும். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிந்தவர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் இதைத் தாமாகச் செய்யக்கூடாது.

கேஸ் மாத்திரையே சாப்பிடாதவருக்கு இதே நிலை என்றால் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியையும், உடலே தன் இரைப்பைச் சுவரைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோயையும் தேட வேண்டும். கிருமிக்கான மூச்சு அல்லது மலச் சோதனைக்கு 2 வாரம் முன்பு கேஸ் மாத்திரையையும், 4 வாரம் முன்பு ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

இரும்பு, ஃபோலேட், டி மூன்றும் குறைந்தால் சிறுகுடலின் முன்பகுதி. கோதுமையின் குளூட்டனால் வரும் சீலியாக் நோய் தென்னிந்தியாவில் வடக்கைவிடக் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. இங்கே பலரும் செய்யும் தவறு, இணையத்தில் படித்துவிட்டுச் சப்பாத்தியை நிறுத்தி, இரண்டு மாதம் கழித்துச் சோதிப்பது. கோதுமையை நிறுத்தினால் டிடிஜி அளவு இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும், நோய் பிடிபடாமல் போகலாம். சோதனை முடியும்வரை வழக்கம்போல் சாப்பிடுங்கள். நோய் உறுதியானபின் பரோட்டா, ரவா உப்புமா, சேமியா எல்லாம் போக வேண்டும். பெருங்காயத்தையும் மறக்காதீர்கள். கடையில் வரும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவின் பின்புறம் பாருங்கள்.

பி12 மட்டும் தனியாகக் குறைந்து, வலது அடிவயிற்றில் வலி, எடை இழப்பு, மாலைக் காய்ச்சல் இருந்தால் சிறுகுடலின் கடைசிப் பகுதி. அங்கே குடல் காசநோயும் கிரோன்ஸ் என்ற நாள்பட்ட குடல் அழற்சி நோயும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். கிரோன்ஸ் என்று நினைத்துக் காசநோய்க்கு ஸ்டீராய்டு கொடுத்துவிட்டால் நோய் பரவும். கொலோனோஸ்கோப்பியும் பயாப்ஸியும் முடியாமல் சிகிச்சை தொடங்க அவசரப்படுத்தாதீர்கள்.

பி12 குறைந்து ஃபோலேட் மட்டும் அதிகமாக இருந்தால், சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கலாம். அவை பி12ஐத் தின்று ஃபோலேட்டை உற்பத்தி செய்கின்றன. பழைய வயிற்று அறுவை சிகிச்சை, நாள்பட்ட சர்க்கரை உள்ளவர்களிடம் இது வரும். பி12உம் ஃபோலேட்டும் சேர்ந்து குறைந்து, மாதக்கணக்கில் பேதியும் மெலிவும் என்றால் டிராபிகல் ஸ்புரூ என்ற சிறுகுடல் நோயாக இருக்கலாம். 1960களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் சுற்றுவட்டக் கிராமங்களில் இது கூட்டமாகப் பரவியதைப் பதிவு செய்திருக்கிறார்கள். இன்று அரிது. ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கும் 3 முதல் 6 மாதம் கொடுத்தால் சரியாகும்.

மலம் எண்ணெய்ப் பசையாக மிதந்து, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நின்றால் கொழுப்பு செரிக்கவில்லை. மாலைக்கண், தொட்டாலே ரத்தம் கன்றுவது இரண்டும் ஏ, கே குறைவின் அடையாளம். கணையத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்: மல எலாஸ்டேஸ் (கணையம் சுரக்கும் என்சைம்) சோதனை ஒரு கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் சுரப்பு போதவில்லை என்று சந்தேகிக்கலாம். கணைய என்சைம் கேப்சூலை முதல் கவளத்தோடும் நடுவிலும் விழுங்க வேண்டும். சாப்பிட்டு முடித்தபின் போட்டால் பலன் குறையும்.

இவற்றில் எதிலும் அடங்காவிட்டால் சாப்பாட்டைப் பாருங்கள். ஐபிஎஸ் என்ற குடல் எரிச்சல் நோய் சத்து உறிஞ்சுவதைக் கெடுப்பதில்லை. ஆனால் அதற்குப் பயந்து பால், தயிர், பருப்பு என்று ஒவ்வொன்றாக விலக்கியவர்களுக்குக் கால்சியமும் பி12உம் இறங்கலாம். பழைய சோற்றில் பி12 கொட்டிக்கிடக்கிறது என்று சுற்றும் செய்தியை நம்பிச் சைவர்கள் மாத்திரையை விட வேண்டாம். நம்பத்தக்க அளவு அதில் கிடையாது, ஸ்பைருலினாவிலும் கிடையாது.

ஈடுசெய்வது

பி12க்கு ஊசிதான் வேண்டும் என்றில்லை. உறிஞ்சும் வழி அடைபட்டாலும், விழுங்குவதில் சுமார் 1 சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். அதனால் தினமும் 1000 மைக்ரோகிராம் பலருக்குப் போதும். கால் மரமரப்பு, நடையில் தள்ளாட்டம், மறதி இருந்தால் தாமதிக்காமல் ஊசி. தொடக்கத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 1000 மைக்ரோகிராம். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் சாப்பிடுவது ஆபத்து. ரத்தசோகை சரியாகிவிடும், நரம்புச் சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். ஹீமோகுளோபின் 6 முதல் 8 வாரத்தில் சீராகும், மரமரப்பு தணிய மாதங்கள் ஆகும்.

டி3 60,000 யூனிட் பாக்கெட் வாரம் ஒன்று, 8 வாரம். பாலோடோ மதியச் சாப்பாட்டோடோ எடுங்கள், கொழுப்பில்லாமல் அது சரியாக ஏறாது. தினம் ஒன்று என்று தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டவர்களுக்குக் கால்சியம் எகிறி மலச்சிக்கல், வாந்தி, அடங்காத தாகம் வரும், சிறுநீரகமும் கெடும். சீட்டில் "வாரம்" என்று எழுதியிருப்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.

இரும்பு மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் உறிஞ்சும் விகிதம் கூடும், வயிற்றுத் தொந்தரவும் குறையலாம். டீ, காபிக்கு ஒரு மணி நேர இடைவெளி கொடுங்கள், கால்சியம் மாத்திரையை இரவுக்குத் தள்ளுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் 4 மணி நேரம் வேண்டும். குடல் அழற்சி முற்றியவர்களுக்கு வாய்வழி இரும்பு பலன் தராது, நரம்பு வழியாக ஏற்றுவார்கள்.

வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர் குழம்பிப் பேசினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிகிறது என்றாலோ அது பி1 குறைவாக இருக்கலாம். இதற்கு லேப் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. குளுக்கோஸ் டிரிப் ஏற்றுமுன் தயமின் (அதுதான் பி1) போட்டாக வேண்டும், எனவே வாந்தி எத்தனை நாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வந்த இரும்புக் குறைவு: இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையால் எண் ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்காமல் எண்டோஸ்கோப்பிக்குப் போங்கள். மற்றவர்கள் 12 வாரம் கழித்து ரத்தம் கொடுத்துப் பாருங்கள். மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டும் டி ஏறவில்லை என்றால், டோஸைக் கூட்டுமுன் குடலைத் திரும்பச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.