சமோவா மரவுரிய நம்ம வீட்டு வளவுல செய்றது எப்படி

மரவுரின்னா ராமர் காட்டுக்குப் போறப்ப கட்டுனதுன்னுதான் நமக்குத் தெரியும், ஆனா பசிபிக் கடல்ல சமோவா தீவுக்காரங்க இன்னைக்கும் அத செய்றாங்க, பேரு சியாப்போ. காகித மல்பெரின்னு ஒரு மரம், பட்டுப்புழு சாப்பிடுற மல்பெரிக்கு சொந்தம்தான், அதோட உள்பட்டைய உரிச்சு சிப்பியால சுரண்டி, கட்டை மேல வச்சு அடிச்சு அகலமாக்கி, ஆரோரூட் மாதிரி ஒரு கிழங்கு மாவுப் பசை வச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுவாங்க.

நமக்கு நார் தெரியுற மல்பெரி பேப்பர் போதும். அரை டம்ளர் தண்ணில ஒரு ஸ்பூன் ஆரோரூட் மாவ கரைச்சு, சின்ன தீயில கண்ணாடி மாதிரி ஆகுற வரைக்கும் கிண்டுங்க, ஆறுனதும் ரெண்டு பேப்பர ஒட்டி நல்லா காய விடுங்க. பசை மெல்லிசா இருக்கணும், நான் முதல்ல கெட்டியா தடவி மொத்தமும் சுருங்கிப் போச்சு.

அடுத்தது அச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. அங்க இதுக்கு பேரு உப்பேட்டி, இப்ப மரப்பலகைல செதுக்குறாங்க, அந்தக் காலத்துல தாழை ஓலை மேல தென்னை ஈர்க்க வச்சு தச்சு செய்வாங்களாம். கொட்டான்னு ஓலைக்கூடை முடையுற ஊர்ல நமக்கு ஓலை கஷ்டமா? பனையோலைய ரெண்டு மூணு அடுக்கா தச்சுக்கிட்டு, மேல ஈர்க்க கோலம் மாதிரி வளைச்சு ஊசி நூலால பிடிங்க. ஈர்க்க ராத்திரியே தண்ணில ஊறப் போட்டுருங்கன்னு அப்பத்தா சொன்னாங்க, அப்படிப் போட்டா வளைக்கிறப்ப ஒடியல. அச்சுக்குப் பதிலா வீட்டு பழைய நிலைக்கதவுல செதுக்குன சித்திரத்து மேல மட்டும் பேப்பர வச்சுத் தேய்க்காதீங்க, சாயம் மரத்துல இறங்குனா போகாது.

சாயத்துக்கு அங்க ஓஆங்கிற மரப்பட்டைச் சாறு, நல்ல பழுப்பு. நம்ம நாட்டு மருந்துக் கடைல காசுக்கட்டி வாங்கி கொதிக்க வைங்க, கிட்டத்தட்ட அதே நிறம் வரும். மஞ்சளுக்கு அவங்களும் மஞ்சக்கிழங்குதான்! கறுப்புக்கு ஒரு கொட்டைய எரிச்ச கரி, நமக்கு விளக்குப் புகைல பிடிச்ச மை சரி.

அச்சு மேல பேப்பர விரிச்சு, துணிய சாயத்துல நனைச்சு நல்லாப் பிழிஞ்சுட்டு மெதுவா தேய்ங்க, ஈர்க்கு இருக்குற இடமெல்லாம் கோடு ஒவ்வொண்ணா எழும்பி வரும், அந்த நிமிஷத்துக்காகவே செய்யலாம். காஞ்சதும் வேணுங்குற கோட்டு மேல கறுப்ப கையால இழுங்க, அவங்க காஞ்ச தாழம்பழச் சுளைய பிரஷ்ஷா வச்சுக்குவாங்க, நாம வேப்பங்குச்சி நுனிய நசுக்கிக்கலாம்.

மஞ்சள் வெயில்ல வெளுத்துரும், அதனால முற்றத்துல காயப் போடாம கூரை இருக்குற பட்டாலை நிழல்ல போடுங்க. பெட்டகத்துல வைக்கிறப்ப மடிக்காம சுருட்டி வைங்க, மடிச்ச இடம் கிழிஞ்சுரும்.