சுகர் இருக்கறவங்க கொலஸ்ட்ராலுக்கு ஃபைபர் பவுடர் எடுக்கறது எப்படி

ஃபைபர் பவுடர் வாங்கும்போது டப்பாவோட பின்பக்கத்தை திருப்பி படிங்க. எல்லா ஃபைபரும் கொலஸ்ட்ராலை குறைக்காது. தண்ணில போட்டா கொழகொழன்னு ஆகுற வகைதான் வேணும், இசப்கோல் உமி, ஓட்ஸ்ல இருக்குற பீட்டா குளுக்கன், குவார் கம் இதெல்லாம் அந்த ரகம். இன்யூலின், வீட் டெக்ஸ்ட்ரின் மலச்சிக்கலுக்கு உதவலாம், ஆனா எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், பெருசா குறையாது. அந்த கொழகொழப்பு குடல்ல பித்த அமிலத்தை பிடிச்சு வெளிய கொண்டு போயிடும், திரும்ப பித்தம் செய்ய கல்லீரல் ரத்தத்துல இருந்து கொலஸ்ட்ராலை எடுத்துக்கும், அதனாலதான் எல்டிஎல் இறங்குது.

அப்புறம் சர்க்கரை. ஆரஞ்சு ஃப்ளேவர் அது இதுன்னு வர்ற நிறைய பவுடர்ல சர்க்கரை கலந்திருக்கும், நமக்கு ஃப்ளேவர் இல்லாத வெறும் உமியே போதும்.

இசப்கோல்னா ஒரு நாளைக்கு மொத்தம் 10 கிராம் போல இலக்கு வெச்சுக்கலாம், அதுல கரையும் நார்ச்சத்து சுமார் 7 கிராம் கிடைக்கும். ஆனா முதல் நாளே அவ்வளவும் போட்டா வயிறு உப்பி கேஸ் பாடா படுத்திடும், அதனால 3 கிராம்ல ஆரம்பிச்சு வாரத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, ரெண்டு மூணு வேளையா பிரிச்சு சாப்பாட்டுக்கு முன்னாடி எடுத்தா சாப்பிட்டதுக்கப்புறம் ஏறுற சுகரும் கொஞ்சம் மெதுவாகும். ஒவ்வொரு தடவையும் 240 மில்லி தண்ணி, கலக்கின உடனே குடிச்சிடணும். தண்ணி கம்மியானா தொண்டையிலயே உப்பி அடைச்சுக்கும், இது நிஜமாவே ஆபத்து.

மாத்திரை டைமிங்ல தயவு செஞ்சு அசால்ட்டா இருக்காதீங்க. நீங்க எடுக்கற மாத்திரை உடம்புல சேர்றதை ஃபைபர் தடுக்கலாம், அதனால ரெண்டு மணி நேர இடைவெளி விடுங்க, தைராய்டு மாத்திரைக்கு நாலு மணி நேரம். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையோ எடுக்கறவங்க ஆரம்பிச்ச புதுசுல சுகரை அடிக்கடி செக் பண்ணுங்க, லோ சுகர் ஆனா டோஸை மாத்தணுமான்னு டாக்டர் சொல்லுவாங்க. முழுங்கறதுல சிரமம் இருக்கறவங்க, குடல் அடைப்பு வந்தவங்க, சுகரால வயிறு மெதுவா காலியாகுற பிரச்சனை இருக்கறவங்க இதை தொடவே வேண்டாம். கிட்னிக்காக தண்ணி அளவா குடிக்க சொல்லியிருந்தா கேட்டுட்டுதான் ஆரம்பிக்கணும்.

ஸ்டாட்டினை, அதாவது டாக்டர் குடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரையை, மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க ப்ளீஸ். ஃபைபரால எல்டிஎல் பொதுவா 5ல இருந்து 10 சதவீதம் வரைக்கும்தான் குறையும், ஸ்டாட்டின் 30 சதவீதத்துக்கு மேலயே குறைக்கும், அதோட சுகர்காரங்களுக்கு ஹார்ட் அட்டாக் வராம காப்பாத்துறதுல அதுக்கு பெரிய பங்கு இருக்கு. ஃபைபரை அதுகூட சேர்த்து எடுங்க. ட்ரைகிளிசரைடுங்கற ரத்தக் கொழுப்பு இதுல பெருசா குறையாது, அதனால ரெண்டு மாசம் விடாம எடுத்துட்டு லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்பு டெஸ்ட்) பண்ணும்போது எல்டிஎல் நம்பரை பழைய ரிப்போர்ட்டோட வெச்சு பாருங்க.