இடம் மாறும் மடிக்கணினியில் டி.என்.எஸ். அமைப்பது

கணக்குத் தணிக்கைக்காக வாரத்தில் மூன்று நாள் வெவ்வேறு அலுவலகங்களில் உட்காருகிறேன். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட என் மடிக்கணினியும் கூடவே வரும். சென்ற ஆண்டு ஓர் அலுவலகத்தில் இணையதளங்கள் எல்லாம் திறந்தன. அவர்களுடைய கணக்குகள் இருந்த உள் சர்வர் மட்டும் பெயரைக் கொடுத்தால் திறக்கவில்லை. எண் முகவரியைத் தட்டியதும் உடனே வந்தது. பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ்.ஸில்தான் கோளாறு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

வீட்டு ரவுட்டரின் டி.என்.எஸ். மந்தமாக இருந்ததால், எந்த டி.என்.எஸ். சர்வரிடம் கேட்பது என்று சொல்லும், ஈடிசி அடைவிலுள்ள ரிசால்வ்.கான்ஃப் கோப்பை அழித்து, 1.1.1.1 என்ற பொது டி.என்.எஸ். சர்வரின் முகவரியை எழுதிய வேறொரு கோப்பை வைத்துப் பூட்டியிருந்தேன். அந்த அலுவலகத்தின் உள் பெயர்களோ அதன் சொந்த டி.என்.எஸ். சர்வருக்கு மட்டுமே தெரியும். வெளியே கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்றுதான் பதில் வரும்.

ஆகவே அந்தக் கோப்பில் கை வைக்காதீர்கள். அதில் 127.0.0.53 என்று இருப்பது சரிதான். அது கணினிக்குள்ளேயே இயங்கும் சிஸ்டம்டி-ரிசால்வ்டின் முகவரி. அந்தந்த வலையமைப்பு காட்டும் சர்வரிடம் கேட்டுச் சொல்வது அதன் வேலை.

விரும்பிய சர்வரை வீட்டு வைஃபைக்கு மட்டும் கொடுங்கள். அமைப்புகளில் வைஃபை பக்கத்தைத் திறந்து, வீட்டு இணைப்பின் பக்கத்திலுள்ள பல்சக்கரப் படத்தை அழுத்தி, ஐபிவி4 பகுதிக்குப் போங்கள். டி.என்.எஸ். வரியில் தானியங்கிப் பொத்தானை அணைத்துவிட்டு, 1.1.1.1, 9.9.9.9 என்று காற்புள்ளி இட்டு எழுதிச் சேமியுங்கள். பொத்தானை அணைக்காவிட்டால் ரவுட்டர் தரும் முகவரியும் கூடவே நிற்கும். ஐபிவி6 பகுதியிலும் அதே பொத்தானைக் கவனியுங்கள். பழைய சர்வர் அந்த வழியாகவும் திரும்ப வந்துவிடும். பிறகு வைஃபையை அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

மற்ற இணைப்புகளைத் தானியங்கியாகவே விடுங்கள். விடுதிகளில் அறை எண் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் பல இடங்களில் அவர்களுடைய டி.என்.எஸ். வழியாகத்தான் வந்து சேரும்.

சரிபார்க்க, டெர்மினலில் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் கட்டளை போதும். எந்த இணைப்புக்கு எந்தச் சர்வர் என்று தனித்தனியே காட்டும். நான் புது அலுவலகத்தில் உட்கார்ந்ததும் இதைத்தான் முதலில் தட்டுகிறேன். அங்கே 192.168 அல்லது 10 என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், பெரும்பாலும் அது அவர்களுடைய சொந்தச் சர்வர்தான்.